'சிசு' இருந்த இடத்தில் 'எதுவும்'

டீ நன்றாக இருக்கிறது மேடம். எங்கள் ஆபீஸ் மெஷின் கொடுப்பதைக் குடித்தவளுக்கு இது அமிர்தம். குடித்துக்கொண்டே சொல்கிறேன்.

மருத்துவமனையில் ஊசிமருந்தை அளந்து ஏற்றும் இயந்திரத்துக்கு ப்ரோகிராம் எழுதுவது எங்கள் வேலை. அதில் 'அளவு சொல்' என்ற இன்டர்ஃபேஸ் என் தலையில் உதித்தது. இன்டர்ஃபேஸ் என்றால் வாக்குறுதி. யார் எழுதினாலும் அதைக் காப்பாற்ற வேண்டும். யாருக்கான அளவு என்பதை மட்டும் காலியிடமாக விட்டேன். அதுதான் ஜெனரிக். எழுதுகிறவர் அங்கே 'பெரியவர்' என்றோ 'சிசு' என்றோ நிரப்பிவிட்டால், ஒருவர் அளவு இன்னொருவருக்குப் போகப் பார்க்கும்போதே கம்ப்யூட்டர் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிடும். அழகு, இல்லையா?

எங்கள் டீம் லீடர் அதைத் தன்னுடையதென்று காட்டிப் பதவி உயர்வு வாங்கினார். கேட்டேன். சிரித்தார்.

"உங்க வீட்டுலயே முதல் டிகிரி நீதானேம்மா? சீட்டு கெடச்சதே பெருசு. அதுக்குள்ள பேரும் வேணுமாக்கும்."

கோபம் வந்தால் எனக்கு நன்றாகப் பசிக்கும். வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வந்து, அவர் எழுதிய பகுதியில் 'சிசு' இருந்த இடத்தில் 'எதுவும்' என்று மாற்றினேன். இனி யார் அளவு யாருக்குப் போனாலும் கம்ப்யூட்டர் தடுக்காது. திரையில் மஞ்சள் எச்சரிக்கை வந்தது. அதன் வாயை அடைக்க ஒரு வரி உண்டு, அதையும் போட்டேன். மேலதிகாரிகள் முன்னால் இயக்கிக் காட்டும்போது சிசுவுக்குப் பெரியவர் அளவு வரும், மனிதர் மூக்குடைபடுவார். அவ்வளவுதான் ஆசை.

அன்று பெரியவர் அளவை மட்டும் பார்த்துக் கைதட்டினார்கள். "பாத்தியா, வெண்ணெயா வழுக்கிட்டு ஓடுது" என்றார் என்னிடம். இயந்திரம் சிசு வார்டுக்குப் போனது.

சொல்லியிருக்கலாம். சொன்னால் நொடியில் திருத்தி, அதற்கும் கைதட்டல் வாங்கியிருப்பார். அதனால் பேசாமல் இருந்தேன். முதல் தொட்டில் காலியானபோது குறைப்பிரசவம் என்றார்கள். அடுத்ததற்குக் காய்ச்சல் என்றார்கள். மூன்றாவதற்குப் பிறகுதான் இயந்திரத்தைப் பிரித்துப் பார்த்தார்கள்.

லீடரை நீங்கள் கைது செய்து ஜீப்பில் கூட்டிப்போன அன்று ஆபீஸே அழுதது. எனக்குப் பசித்தது.

இன்று காலை பேப்பரில், அந்த மாற்றத்தைச் செய்தவர் அவர்தான் என்று போட்டிருந்தார்கள். கூடவே, 'நுட்பமான மூளை' என்று ஒரு பாராட்டு வேறு. அதற்குத்தான் பஸ் பிடித்து வந்தேன். குழந்தைகள் விஷயத்தில் எனக்கும் வருத்தம் உண்டு மேடம். நான் ஒன்றும் கொடுமைக்காரி இல்லை. ஆனால் அந்த வரி என்னுடையது. இதிலாவது என் பெயரைப் போடுங்கள்.