பிறந்தநாள் குடங்களும் பதினான்கு ரோஜாச் செடிகளும்

கல்வராயன் மலைக்காற்று இறங்கி வந்து கொடியைத் தொட்டுப் பார்க்கும் இந்தச் சுதந்திர நாள் காலையில், அவையைத் தாங்கும் தலைமையாசிரியர் மலர்விழி அம்மா அவர்களே! கரும்புக் காட்டில் கால் வைக்க வேண்டிய நேரத்தில் எங்கள் மேடையில் கால் வைத்திருக்கும் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் தனசேகரன் ஐயா அவர்களே! அறிவூட்டும் ஆசிரியர்களே! நடவு வேலையை அரைநாள் தள்ளிவைத்து வந்திருக்கும் தாய்மார்களே! பெரியோர்களே! மிட்டாய் எப்போது வரும் என்று மட்டுமே யோசித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளே! ஒன்பதாம் வகுப்பு கோகிலவாணியின் வணக்கம் உங்கள் அனைவருக்கும் உரியது.

இன்று எல்லோரும் வீரத்தைப் பற்றிப் பேசுவார்கள். நான் வேரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். வேரழுகல் நோயைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சிரிக்காதே தேவிப்ரியா, உன் குடமும் இந்தக் கதையில் வருகிறது!

கொடிக்கம்பத்தைச் சுற்றி, செங்கல் கட்டி சிமெண்டு பூசிய பாத்தியில், பதினான்கு ரோஜாச் செடிகள் இருந்தன. வைத்தவர் யார்? வளர்த்தவர் யார்? நம் பள்ளியில் தினக்கூலிக்குத் தோட்ட வேலை பார்க்கும் பச்சையம்மாள் அக்கா. ஆண்டுதோறும் கொடிக்குள் மடித்துக் கட்டுவது அந்தச் செடிகளின் இதழ்களைத்தான். கடைப்பூ நம் கொடிக்குள் போனதே இல்லை.

சென்ற ஆண்டு நான் ஒரு யோசனை சொன்னேன். பிறந்தநாளுக்குச் சாக்லேட் கொடுப்பதற்குப் பதிலாக, ரோஜாப் பாத்திக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றலாமே என்று. எல்லோரும் கைதட்டினார்கள். செப்டம்பரில் வாரத்துக்கு ஒரு குடம். ஜனவரியில் இரண்டு குடம். செடிகள் செழித்தன, நானும் செருக்கோடு திரிந்தேன். பிறகு ஜூன் வந்தது.

தாய்மார்களே, உங்களுக்குத் தெரியாததா? நம் பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் இரண்டு. ஒன்று உங்கள் நினைவில் இருப்பது. மற்றொன்று பள்ளியில் சேர்க்கும்போது வயது சரியாக வரட்டும் என்று பதிவேட்டில் எழுதியது. என் அம்மாவைக் கேட்டால், "ஆடிப்பெருக்கு முடிஞ்சி மூணாம் நாளு, மழ ஊத்திக்கினு கெடந்துச்சி" என்பார். பதிவேட்டைக் கேட்டால் ஜூன் ஐந்து என்னும். எனக்கும் என் வகுப்புத் தோழி தேவிப்ரியாவுக்கும் மட்டுமா ஜூன் ஐந்து? இந்தப் பள்ளியில் அறுபத்தொரு பேருக்கு ஜூன் ஐந்து!

அறுபத்தொரு பேர், அறுபத்தொரு குடம், ஒரே நாள், ஒரே பாத்தி! சிமெண்டுக் கட்டுக்குள் தண்ணீர் போக வழியில்லை. மறுநாள் பதினேழு பேர், அதற்கு மறுநாள் இருபது பேர். கோடை விடுமுறையில் பிறந்தவர்களும் குடத்தோடு வரிசையில் நின்றார்கள். பத்தே நாளில் இலை மஞ்சளாகித் தலை தொங்கியது. வாடிய செடியைப் பார்த்தால் நமக்கு என்ன தோன்றும்? தாகம் என்று தோன்றும். ஆகவே இன்னும் ஊற்றினோம்!

அப்போதுதான் தனசேகரன் ஐயா வந்தார். மன்னியுங்கள் ஐயா, நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

"இன்னா பச்சையம்மா, தண்ணி ஊத்தறதுக்கே கை நோவுதா? கரும்புக்குக் கட்டற மாரி நெறைய கட்டு!"

"ஈரம் ஜாஸ்தியாத்தாங்க கீது. ஏன் இப்டி ஆச்சின்னுதான் பிரியல."

"காஞ்சி கெடக்குது, ஈரம்ன்ற! இதுக்கு ஒரு ஆளு வேற. புடுங்கிப் போட்டுட்டு டைல்ஸ் ஒட்டிடலாம். பெருக்கறதும் கம்மி, செலவும் கம்மி."

அக்கா முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றார். டைல்ஸ் வந்தால் தோட்டம் போகும். தோட்டம் போனால் அவர் வேலையும் போகும். நான் நூலகப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இரண்டடி தூரத்தில் நின்றேன். வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்துக்காக இந்த மேடையில் வெட்கப்படுகிறேன்.

அன்று மாலையே, நூலகத்தில் எடுத்த அந்தத் தாவர நோய்ப் புத்தகத்தைத் திறந்தேன். ஐயோ, பக்கத்துக்கு ஒரு நோய்! இலையில் விளிம்பு சிதைந்த கருவட்டமா? கரும்புள்ளி நோய். மாவு தூவியது போல வெண்பூச்சா? சாம்பல் நோய். நான்காம் பக்கத்துக்குள் எங்கள் செடிகளுக்கு நான்கு நோய் இருந்தது. எட்டாம் பக்கத்தில் எனக்கே இரண்டு நோய் இருப்பது போலத் தோன்றியது!

ஆனால் ஒரு வரி என்னை நிறுத்தியது. மண் ஈரமாக இருந்தும் செடி வாடினால் வேரைப் பார். மறுநாள் அக்காவிடம் சொன்னேன். களைக்கொத்தால் ஒரு செடியைத் தோண்டினார். வெளுத்து உறுதியாக இருக்க வேண்டிய வேர், கறுத்துக் கொழகொழவென்று வந்தது. விரலால் இழுத்தால் தோல் தனியே கழன்றது. அழுகிய முட்டை நாற்றம்!

"அய்ய, மூச்சு முட்டிப் பூடுச்சி பாப்பா இதுக்கு!" என்றார் அக்கா.

ஆம். வேருக்கும் காற்று வேண்டும். காற்றில்லாத சேற்றில் பூசணத்துக்குக் கொண்டாட்டம். வேர் அழுகினால் தண்ணீர் எப்படி மேலேறும்? வெள்ளத்துக்குள் நின்றுகொண்டே செடி தாகத்தால் செத்தது! கொன்றது யார்? பூச்சியா? வெயிலா? பச்சையம்மாள் அக்காவா? இல்லை, இல்லை, இல்லை! எங்கள் அன்பு. அதிலும் என் யோசனை.

தலைமையாசிரியர் அறைக்குப் போய் அதைச் சொன்னேன். தனசேகரன் ஐயாவும் அங்கே இருந்தார். வேரைக் காகிதத்தில் வைத்து மேசைமேல் நீட்டினேன். ஐயா மூக்கைப் பொத்திக்கொண்டார். பிறகு சொன்னார்: "சரி பாப்பா. ஆகஸ்ட் பதினஞ்சிக்குக் கொடில கட்டப் பூ இருந்தா செடி இருக்கட்டும். இல்லன்னா டைல்ஸ்தான்."

குடங்களை நிறுத்தினோம். அக்கா கடப்பாறையால் சிமெண்டுக் கட்டை இரண்டு இடத்தில் உடைத்து வாய்க்கால் விட்டார். மூன்று செடிகள் போய்விட்டன. அவற்றை உரக்குழியில் போடவில்லை, நோய் திரும்பும் என்று எரித்தோம். மற்ற பதினொன்றில் கறுத்த வேரை வெட்டி, ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தரியைத் துடைத்து, மேட்டுப் பாத்தியில் நட்டோம். கள்ளக்குறிச்சிக் கடையில் வாங்கிய டிரைக்கோடெர்மா என்னும் நல்ல பூசணத்தை மக்கிய சாணத்தில் கலந்து வைத்தோம். கெட்ட பூசணத்தோடு மல்லுக்கட்ட ஒரு நல்ல பூசணம்! கிளைகளையும் வெட்டிவிட்டோம். வெட்டிய ரோஜா பூக்க நாற்பத்தைந்து நாள் ஆகும் என்றது புத்தகம். அன்று தேதி ஜூன் இருபத்தெட்டு. விரல்விட்டு எண்ணினேன். சரியாக மூன்று நாள் மிச்சம்!

ஜூலை பாதிவரை வெறும் குச்சிகள். "குச்சி நட்டு இன்னாடி பண்ணப் போற, பந்தல் போடப் போறியா?" என்று தேவிப்ரியா கேட்டாள். ஒரு திங்கட்கிழமை, ஒரு குச்சியின் கணுவில் அரிசியளவு சிவப்புத் துளிர். அக்கா என்னைக் கூப்பிட்டது மலைமேல் கரியாலூருக்கே கேட்டிருக்கும்! நேற்று மாலை வரை மொட்டு மட்டும்தான்.

இன்று காலை ஆறரை மணிக்கு நான் வந்தபோது, அக்கா எனக்கு முன்பே வந்து பாத்தியோரம் குந்தியிருந்தார். அவர் முந்தானையில் ஏழு பூக்கள்.

சற்றுமுன் கொடி விரிந்தபோது உதிர்ந்தது எது என்று நீங்களே பார்த்தீர்கள். ஐயா, உங்கள் இடது தோளில் இன்னும் ஓர் இதழ் ஒட்டியிருக்கிறது. தட்டிவிடாதீர்கள்! பதில் மட்டும் சொல்லுங்கள். டைல்ஸா, தோட்டமா?

கேட்டீர்களா? கடைசி வரிசைக்குக் கேட்காததால் ஐயா சொன்னதைத் திருப்பிச் சொல்கிறேன்: "டைல்ஸ் கடைக்காரன்கிட்ட வேணாம்னு காலைலயே சொல்லிட்டேம்மா. பச்சையம்மாவ இன்னும் மூணு செடி வெக்கச் சொல்லு!"

பலமாகத் தட்டுங்கள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கும் அக்காவுக்குக் கேட்கட்டும்!

அன்புத் தோழர்களே, தோழிகளே! இனி பிறந்தநாள் வந்தால் குடத்தைத் தூக்காதீர்கள். விரலை நீட்டுங்கள். மண்ணுக்குள் இரண்டு கணு விட்டுப் பாருங்கள், இலையின் அடியைத் திருப்பிப் பாருங்கள். காய்ந்திருந்தால் ஊற்றுங்கள், ஈரமிருந்தால் கும்பிட்டுவிட்டு வகுப்புக்குப் போங்கள். அடுத்த ஜூன் ஐந்தில் அறுபத்தொரு விரல் வரட்டும், ஒரு குடமும் வேண்டாம்!

பேச இடம் தந்த பெரியோருக்கும், பொறுத்துக் கேட்ட தாய்மாருக்கும், பூத்துக் காத்த பதினொரு செடிகளுக்கும் நன்றி சொல்லி, பச்சையம்மாள் அக்காவை நோக்கிக் கைகூப்பி விடைபெறுகிறேன். வணக்கம்!