நாலாவது பல்சக்கரம்

— லியாவ் முதலாளி, சனிக்கிழமை சாயங்காலம் பால்கனியில பேப்பரை விரிச்சு என் வீட்டுக்காரரே புதுச் செயினை மாட்டினார். கறுத்த கையோடயே சாப்பிட உட்கார்ந்தார். மறுநாள் காலையில சந்து முனையைத் தாண்டறதுக்குள்ளயே சத்தம்.

— என்ன மாதிரி சத்தம், அண்ணி?

— மிதிச்சா 'டக்'. கொஞ்ச தூரம் சும்மா இருக்கும். அப்புறம் இன்னொரு 'டக்'.

— உள்ள வாங்க. வெயில்ல நிக்கிறீங்க.

— வேண்டாம். அவர் போய் இன்னும் நூறு நாள் ஆகல. துக்கக்காரி கடைக்குள்ள கால் வச்சா உங்களுக்கு ஆகாது.

— கெட்டுப்போற அளவுக்கு இங்க வியாபாரம் எதுவும் நடக்கலையே.

— இங்கயே நிக்கிறேன்.

— அப்ப கடை வெளிய வரட்டும். இந்தாங்க ஸ்டூல், உட்காருங்க. சைக்கிளைக் கொடுங்க... செயின் புதுசு. என்கிட்ட வாங்கினதுதான். தேஞ்சிருக்கான்னு அளந்து பார்க்கவே வேண்டாம்.

— அப்ப சத்தம்?

— செயின்ல இல்ல. பின்சக்கரத்துல பாருங்க, எட்டு பல்சக்கரம். சின்னதுலேருந்து எண்ணினா நாலாவது... தொட்டுப் பாருங்க.

— கூரா இருக்கு.

— சுறா பல்லு மாதிரி. பழைய செயினும் இதுவும் ஒண்ணா தேஞ்சதுங்க, சண்டையில்லாம ஓடிச்சு. இப்ப வந்த புதுசு இந்தப் பல்லுல உட்கார மாட்டேங்குது. அழுத்தி மிதிச்சா ஏறிக் குதிக்குது.

— இது அவருக்குத் தெரியாதா?

— சொன்னேன். செயினை மாத்தினா பல்சக்கரத்தையும் பார்க்கணும், சைக்கிளைக் கொண்டு வாங்கன்னேன். செயினை மட்டும் கொடு, மாட்ட எனக்குத் தெரியும்னார். கோ அண்ணன் மூணு வருஷமா சைக்கிளை என் கடைக்குள்ளயே கொண்டு வரலை.

— ஏன்?

— ...சிக்கனம்.

— வேற எது தேஞ்சிருக்கு?

— பக்கத்துல மூணாவது, அஞ்சாவது. கொஞ்சம்தான்.

— பெரிசு மூணும்?

— அது... அண்ணி, இந்த நாலாவதை மட்டும் தனியா கழட்டி மாத்திடலாம். பத்து நிமிஷ வேலை.

— பெரிசு மூணும் எதுக்கு, முதலாளி?

— ஏத்தத்துக்கு.

— ஞாயித்துக்கிழமை தவறாம தாஷுவே மலை ஏறினவரோட சைக்கிள் இது. மலைத்தோட்டத்து முட்டைக்கோஸ்னு வாரம் ஒண்ணு கொண்டு வருவார்.

— நல்லா இருக்குமா?

— இருக்கும். கீழ ஃபெங்யுவான் டவுன் சூப்பர்மார்க்கெட் விலைச்சீட்டு ஒட்டியிருக்கும்.

— அப்ப உங்களுக்குத் தெரியுமா?

— நெஞ்சு தாங்காது, ஏத்தம் கூடாதுன்னு டாக்டர் எழுதின சீட்டை மூணு வருஷம் முன்னாடியே அவர் சட்டைப்பையில பார்த்தேன். சட்டையைத் துவைச்சுக் காயவச்சு, சீட்டைத் திரும்ப அதே பையில வச்சேன்.

— என்கிட்ட சொல்லியிருந்தார். பழைய ரயில் பாதையிலயே போயிட்டு வரேன், அவகிட்ட உளறிடாதேன்னு. அங்க தட்டைத் தரை, நாலாவது போதும். கடையில எப்பவும் நாலு பேர் இருப்பாங்க, பல்லைப் பார்த்தாலே எங்க ஓட்டறவர்னு சொல்லிடுவாங்க. அதான் கொண்டு வரலை.

— அவர் விழுந்து கிடந்தது மலைப்பாதை ஆரம்பிக்கிற இடத்துல. ஏறப் போனாரா, ஏறி இறங்கினாரான்னு போலீஸ்காரருக்குத் தெரியலை. எனக்கு அது தெரிஞ்சாகணும்.

— அப்ப இந்தச் சத்தத்தைச் சரிபண்ண நீங்க வரலையா?

— அன்னிக்கு வாசல்ல நின்னு கேட்டதோட சரி. எனக்கு சைக்கிள் ஓட்டவே தெரியாது. தள்ளிக்கிட்டுதான் வந்தேன்.

— ...பொறுங்க. வெளிச்சத்துல திருப்பறேன். பெரிசு மூணையும் விரலால தடவுங்க.

— தூசி.

— காஞ்சு இறுகின தூசி. செயின் ஒரு சுத்து இதுல ஏறியிருந்தாலும் பல்லு பளிச்சுன்னு ஆகியிருக்கும். இந்த மூணு இல்லாம அந்த மலையில இருநூறு மீட்டர் என்னாலயே ஏற முடியாது. அண்ணன் ஏறலை.

— நிச்சயமா?

— எனக்கும் நிச்சயமாத் தெரிய வேண்டியிருந்தது, அண்ணி. ஆறு வாரமா உங்க வீட்டுக்கு வந்து இந்தச் சைக்கிளைக் கேட்கணும்னு நினைச்சு, தெருமுனை வரைக்கும் வந்து திரும்பியிருக்கேன். செயின் கொடுக்கும்போது நான்தான் கிண்டல் பண்ணினேன். இனிமே மலை ஏறாததுக்கு உங்களுக்கு சாக்கு இல்லைன்னு.

— அவரே சொன்னார். சிரிச்சுக்கிட்டுதான் சொன்னார்.

— அதைக் கேட்டுதான் கிளம்பிட்டாரோன்னு...

— நீங்க சொன்னதுக்கு சிரிச்சார். நான் சொன்னதுக்கு சிரிக்கலை.

— நீங்க என்ன சொன்னீங்க?

— ஷூ மாட்டிக்கிட்டு இருந்தார். இன்னிக்காவது நிஜமாவே மலைக்குப் போய் ஒரு முட்டைக்கோஸ் வாங்கிட்டு வாங்களேன்னேன். சும்மா சீண்டத்தான். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார், எனக்குத் தெரியும்னு அப்பதான் புரிஞ்ச மாதிரி. அப்படியே கிளம்பினார். மணி ஆறேகால். எப்பவும் கிளம்பற நேரம்தான், அதை வச்சும் எங்க போகக் கிளம்பினார்னு சொல்ல முடியாது.