முப்பிடாதி கட்டின கொடி

ரொம்ப முன்னாடி, உப்பைத் தலைச்சுமையா சுமந்த காலம். உப்போடைன்னு ஒரு ஊரு. இருபது வீடு, ஒரு கிணறு. அந்த ஊருல முப்பிடாதின்னு ஒருத்தி இருந்தாளாம். வாயைத் திறந்தா ஊரே ஒதுங்குமாம்.

அவளுக்கு ஒரே மவன். மருமவ பேரு ராக்கு. ராக்குக்கு ரெண்டு பிள்ளை ஏழாம் மாசத்துலயே செத்துப் பொறந்துச்சு. மூணாவது தங்குச்சு. இதுவும் போனா மவனுக்கு வேற பொண்ணு பாக்கணும்னு சொந்தக்காரங்க பேச ஆரம்பிச்சுட்டாவளாம்.

அப்ப ஊருல ஒரு வழக்கம். பொம்பளை உள்துணி ஆம்பளை கண்ணுல படக்கூடாது. விறகு அட்டிக்குப் பின்னால, இருட்டுல, சேலைக்கு அடியில போடணும். காயுமா? காயாது. நாள் முழுக்க உப்புப் பாத்தியில நின்னுட்டு வந்தவ, அந்த ஈரத்தையே திரும்பக் கட்டணும். துணி முனை வெளிய தெரிஞ்சாலும் முப்பிடாதி விட மாட்டாளாம். "ஏட்டி, மானத்தை வெளிச்சத்துல போடுதியா?"ன்னு சுருட்டி உள்ள எறிவாளாம்.

அஞ்சாம் மாசம் ராக்கு உப்பளத்துலயே உக்காந்துட்டா. நடக்க முடியல. மருத்துவச்சி செல்லத்தாயி வந்து கேட்டாளாம்.

"எரியுதா?"

"ஆமா."

"அரிக்குதா?"

"ஆமா."

"வெள்ளை படுதா? நாத்தம் இருக்கா?"

ராக்கு அழுதுட்டா.

"முந்துன ரெண்டு தடவையும் இப்படித்தானா?"

"அப்பவும்தான். படிகாரத் தண்ணிய உள்ள ஊத்தி ஊத்திக் கழுவுனேன்."

"யார்ட்டயும் சொல்லலியா?"

"யாரு கேட்டா?"

முப்பிடாதி வாசல்ல நின்னு அம்புட்டையும் கேட்டாளாம்.

அன்னைக்கே முப்பிடாதி வண்டி கட்டி, ராக்கை டவுனு டாக்டரம்மாகிட்ட கூட்டிட்டுப் போனாளாம். அவுக மருந்து குடுத்து, "உள்ள ஒண்ணும் ஊத்தாத. இது முத்துனா பனிக்குடம் முன்கூட்டியே உடைஞ்சிரும். துணி நல்ல வெயில்ல காயணும்"னு சொன்னாவளாம்.

வந்த கையோட நடுத்தெருவுல ரெண்டு கல்லை நட்டா. கயிறு கட்டினா. மருமவ துணியை அவளே விரிச்சுப் போட்டா. நாட்டாமை ஓடி வந்தாராம்.

"என்ன முப்பிடாதி, ஊரு நடுவுல என்ன கூத்து? எடுத்து எறி!"

"எடுக்க மாட்டேன் மாமா. மறைச்சு மறைச்சு ரெண்டு பேரப்பிள்ளையை நானே மண்ணுல வச்சேன். உங்களுக்குக் கூசுச்சுன்னா கண்ணை மூடிட்டுப் போங்க."

நாட்டாமை மவளுக்கும் ஒண்ணு அப்படித்தான் போயிருந்துச்சு. மனுசன் திரும்பி வீட்டுக்குப் போயிட்டாராம். மறுநாள் அந்தக் கொடியில ஆறு வீட்டுத் துணி காஞ்சுதாம். நாட்டாமை வீட்டுதும் இருந்துச்சாம்.

ராக்குக்குப் பத்து மாசம் நிறைஞ்சு பொம்பளைப்பிள்ளை பொறந்துச்சு. மருந்தா, வெயிலா, தெய்வமா, நான் என்னத்தக் கண்டேன்? அந்தப் பிள்ளைதான் என் மாமியா.

அன்னையிலருந்து எங்க ஊருல அஞ்சாம் மாசத்துல மாமியா தன் கையாலதான் மருமவ துணியை அந்தக் கொடியில போடணும். போட்டுட்டு, "எரியுதா தாயி, அரிக்குதா?"ன்னு நாலு பேரு கேக்கச் சத்தமாக் கேக்கணும். வளையல் போடுததெல்லாம் அதுக்குப் பொறவுதான்.

என்னையும் கேட்டாவ. வெக்கத்துல செத்தே போனேன். ஆனா, "ஆமா அத்தை, எரியுது"ன்னு சொல்லிட்டேன். அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாவ. அவுக கேக்காம இருந்திருந்தா, சத்தியமா நான் சொல்லியிருக்க மாட்டேன்.