ராசாவின் கன்னத்துக் கீறல்

ஜெர்மனியின் ஹம் நகரிலிருந்து புறப்பட்ட ரயிலில், முன் இருக்கைப் பெண் தன் கணவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

“இந்த ராசாவின்ர மூக்கை நம்புறதோ, பெயரை நம்புறதோ எண்டு தெரியேல்லையப்பா.”

அவள் மடியில் காசுகளின் படங்கள். இங்கிலாந்தின் ஆதிகால வெள்ளிக்காசுகளாம். ராசாவின் முகமும், ரூன் என்ற பழைய எழுத்தில் பெயரும் வெட்டியவை.

“பத்து மணிக்குப் பேராசிரியரைச் சந்திக்க டெர்மின். மூக்கு முந்தின வகை மாதிரி, எழுத்து பிந்தின வகை மாதிரி. இந்த ஒண்டு முந்தின வகையோ பிந்தின வகையோ எண்டு சொல்லாட்டில் என்ர ஆய்வை ஏற்கமாட்டார்.”

மணி அப்போதே ஒன்பதரை.

“இஞ்ச தாரும். இது எந்த வகை?” கணவர் வேறொரு காசின் படத்தைக் காட்டினார்.

“அது முந்தினது. அதில சந்தேகமில்லை.”

“அப்ப இதுவும் முந்தினதுதான். ரெண்டு கன்னத்திலயும் ஒரே இடத்தில கீறல்.”

“அது தேய்ஞ்சதப்பா.”

“எங்கட பிஸ்கற் ஃபக்டரியில அச்சு வெடிச்சால் எல்லாப் பிஸ்கற்றிலயும் அதே இடத்தில கோடு விழும். ரெண்டும் ஒரே அச்சில அடிச்சது.”

அவள் இரண்டு படங்களையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். “ஐயோ, ஓம்!” என்று கத்தியே விட்டாள்.

“மூண்டு மாசமாப் புத்தகம் புரட்டினனான். ஏன் முந்தியே சொல்லேல்லை?”

“எப்ப எனக்கு இதைக் காட்டினனீர்?”