ஏழு சர்வர், எட்டு ஏஜென்ட்

ஞாயித்துக்கிழமை, மத்தியானம் மூணு மணி. சிரிக்காதீங்க… பேய்க்கு ஷிப்ட் எல்லாம் கிடையாது. ஆபீஸ் ரோட்டுல ஒரு நாய்கூட இல்ல. இதோ நம்ம ஒல்லி இருக்கானே, அவனோட அத்தான் மட்டும் தனியா வண்டியில போறார். வீட்டுல நாலு வயசுப் பொண்ணுக்குக் காய்ச்சல். "ஒரு மணி நேர வேலைதான்"னு பொண்டாட்டிகிட்ட சொல்லிட்டு வந்திருக்கார். எங்க கம்ப்யூட்டர் ஆளுங்களோட ஒரு மணி நேரம் எவ்வளவுன்னு எங்க வீட்டுல கேளுங்க.

வேலை இதுதான். கண்டெய்னர் கிளஸ்டர்னு ஒண்ணு, ஏழு சர்வர் கூட்டாச் சேர்ந்து ஓடுறது. அதுல கண்காணிப்பு ஏஜென்ட்னு ஒரு குட்டி புரோகிராம் போடணும். ஒரு கட்டளை கொடுத்தாப் போதும், சர்வருக்கு ஒண்ணா அதுவே போய் ஒட்டிக்கும். அந்த சர்வர் எவ்வளவு சூடுன்னு சொல்லிக்கிட்டே இருக்கும்.

போட்டார். திரையில எட்டு வந்துச்சு.

எட்டாவதுக்குப் பேர் இல்ல… சூடு மட்டும். மத்ததெல்லாம் அறுபது டிகிரி. இது 38.4.

அழிச்சார். வந்துச்சு. மறுபடி அழிச்சார்… வந்துச்சு. கணக்கு ஏழாகாம வீட்டுக்குக் கிளம்ப முடியாது. "போய்த் தொலையேன், சனியனே!" பதினோரு தடவை. நடுவுல பொண்டாட்டி போன். "இதோ கிளம்பிட்டேன்"னு புளுகிட்டு வச்சுட்டார். 39.2. எண்பதைத் தாண்டினாத்தான் சிவப்புன்னு அவரே வச்சது. அதனால 40.3 வந்தப்பவும்… பச்சை.

அப்பதான் அந்த வாசனை. பூட்டின ஏசி அறையில, ஆரஞ்சு மணக்கிற காய்ச்சல் மருந்து. ஃபேன் இரைச்சலுக்கு நடுவுல, சின்னதா… மூச்சு வாங்குற சத்தம்.

போட்டது போட்டபடி ஓடினார். வீட்டுல பொண்ணுக்கு வலிப்பு. காய்ச்சல் நூத்தி நாலரை… செல்சியஸ்ல அதே 40.3. "பத்து நிமிஷம் தாமதிச்சிருந்தா…"ன்னு டாக்டர் பாதியில நிறுத்திட்டார். பிழைச்சுக்கிட்டா. இப்ப ஸ்கூல்ல நாலு பேரைக் கடிச்சு வச்சிருக்கா, தங்கம்.

மறுநாள் பார்த்தா ஏழுதான்.

இங்க முடிஞ்சிருந்தா நானும் நிம்மதியாத் தூங்குவேன். இன்னைக்குச் சாயங்காலம் எட்டாவது திரும்ப வந்திருக்கு. சூடு 24. அறைக்குள்ள எவ்வளவோ அவ்வளவு… ஓடுற எதுவும் அப்படி இருக்காது. அத்தான் பொண்ணைத் தொட்டுப் பார்த்தார். பொண்டாட்டியை. எல்லாரும் சூடாத்தான் இருக்காங்க. சொந்தக்காரங்களுக்கு ஒருத்தர் விடாம போன் போட்டார். ஒருத்தன் மட்டும் எடுக்கல. அதான் எனக்குப் போட்டார். "ஒல்லி கையைக் கொஞ்சம் தொட்டுப் பாருப்பா."

டேய் ஒல்லி, கோவிச்சுக்காத… வந்ததுல இருந்து நீ ஒரு வார்த்தை பேசலியே.

டீ கொடுக்கிற சாக்குல அப்பவே தொட்டுட்டேன்.

அதான் நான் கதவுப் பக்கமா உக்காந்திருக்கேன்.