கோட்டைக்குள்ள பொண்ணு பாத்தது

இல்லீங்கண்ணா, வேணும்னு பண்ணல. நீங்க குடும்பத்தோட கோட்ட வாசல்ல வெயில்ல நின்னுட்டிருந்தது எங்களுக்கு எப்புடித் தெரியும், சொல்லுங்க. காப்பி வேண்டாங்க, இப்பத்தான் குடிச்சேன்.

தரகர் ஜேக்கப் சொன்ன ரோசனதான அது? ரெண்டு குடும்பமும் வேளாங்கண்ணிக்குப் போறீங்க, வழியில தரங்கம்பாடி டேனிஷ் கோட்டையில பையனும் பொண்ணும் பாத்துக்கட்டும், புடிக்கலைன்னா ஊருக்குள்ள ஒருத்தருக்கும் தெரியாதுன்னாரு. கோட்டையில எந்த எடம்னு அவரும் சொல்லல, நானும் கேக்கல.

நாங்க உள்ள போயிட்டமுங்க. அந்தக் காலத்துல கப்பல்ல ஏத்தற மொளக மூட்ட மூட்டையா அடுக்கி வெச்ச ரூமாம், குளுகுளுன்னு இருந்துச்சு. செவுரு அவ்ளோ தடிமன், போனுல டவரும் எடுக்கல. அங்க ஒரு அப்பா, அம்மா, பையன். அந்தம்மா, நம்ம வூடு மாதிரி பத்து வூடு இதுக்குள்ள புடிக்கும்னுச்சு. அந்தக் கடலோரத்துல நம்மூருப் பேச்சுல வூடுன்னு யாருங்க சொல்லுவா? நீங்கதான்னு முடிவு பண்ணிட்டேன்.

கும்புட்டு ஆரம்பிச்சேன். எங்க பூர்வீகம், பாப்பாரப்பட்டி நெலம், தாத்தன் வெச்ச புளியந்தோப்பு, எல்லாம். தலையாட்டிக் கேட்டாங்க. என்னக் கோட்டையோட கைடுன்னு நெனச்சிருக்காங்க, அது அப்பறந்தான் தெரியும். தோப்ப டேனிஷ்காரன் எந்த வருசம் வெச்சான்னு அந்தாளு கேட்டாரு. ஏதோ வெளையாட்டுக்குக் கேக்கறாருன்னு சிரிச்சேன். எங்கூட்டுக்காரி வெளிய மரத்தடியில புளிசாதத்தப் பிரிச்சுக் குடுத்தா. கைடு சோறும் போடறாரேன்னு கூச்சத்தோட சாப்புட்டாங்க.

தம்பி என்ன பண்றாப்லன்னு கேட்டேன். கம்பைநல்லூர்ல மாட்டாஸ்பத்திரி டாக்டருன்னாங்க. பேங்குன்னுதான ஜேக்கப் சொன்னாரு, சரி, வேல மாத்திட்டாரு போலன்னு விட்டுட்டேன். எம்மவ ஏஞ்சலினும் அந்தத் தம்பியும் பீரங்கிகிட்ட நின்னு பேசிட்டே இருந்தாங்க.

பஸ் ஏறுன பொறவுதான் உங்க போன் வந்துச்சு. நீங்க கத்துனது நாயமுங்க.

எம்மவகிட்டக் கேட்டேன். ஏம்மா, போட்டோவ உம் போனுக்குத்தான அனுப்புனாங்க, ஆளு வேறன்னு தெரியலயான்னு. பாத்தவொடனே தெரிஞ்சிருச்சுப்பா, நீங்க பேச்ச நிறுத்தவே இல்ல, கொஞ்ச நேரத்துல எனக்கும் நிறுத்தணும்னு தோணலன்னுட்டா.

இல்லீங்கண்ணா, உங்க பையன்மேல ஒரு கொறையும் இல்ல. அவர நாங்க பாக்கவே இல்லையே.

அதாங்க, இத வாங்கிக்கங்க. அடுத்த மாசம் கம்பைநல்லூர்ல கல்யாணம் வெச்சிருக்கு. மொதப் பத்திரிக்கைய மாதா கோயில்ல வெச்சிட்டு, ரெண்டாவதா உங்க வூட்டுக்குத்தான் கொண்டாந்தேன். உங்க பையனையும் கூட்டிட்டு வந்துருங்க.