கம்பளித் தொப்பி

ஜன்னலைச் சாத்திவிடுங்கள் மேடம், இல்லையென்றால் கதவையாவது சாத்துங்கள். இரண்டும் எதிரெதிரே திறந்து கிடந்தால் காற்று நேராகக் காதுக்குள் போகும். உங்களுக்குச் சின்ன வயது, இப்போது தெரியாது. எங்கள் ஊரில் பல்வலி, கழுத்துப்பிடிப்பு, கருக்கலைவு எல்லாவற்றுக்கும் இந்தக் காற்றைத்தான் சொல்வார்கள். என் கணவன் வெலிமிருக்குக் காது போனதும் அதனால்தான் என்று ஊரே சொன்னது. டாக்டர் மூளைக்காய்ச்சல் என்றார். டாக்டர்கள் எதையாவது சொல்வார்கள்.

நன்றி. இப்போது பேசலாம்.

அவனைப் பக்கத்து அறையில் உட்கார வைத்திருக்கிறீர்கள். பேத்தி செத்ததற்குத் தானே காரணம் என்று உங்கள் போலீஸ் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தானாமே. அவன் அப்படித்தான், யார் தலையில் விழவேண்டிய இடிக்கும் தன் தலையைக் கொண்டுபோய் நீட்டுவான். குழந்தை கூப்பிட்டது அவனுக்குக் கேட்கவில்லை, அது உண்மை. ஏன் கேட்கவில்லை என்பது எனக்குத்தான் தெரியும். அதைச் சொல்லி அவனை வீட்டுக்குக் கூட்டிப்போக வந்திருக்கிறேன்.

காது கேட்ட காலத்தில் அவன் கெட்டவன் இல்லை. என்மேல் கை ஓங்கியதில்லை. ஆனால் வாய் ஓயாது. சந்தைக்குப் பிளம் பழ மூட்டை கொண்டுபோனால் திரும்பும்போது முன்பின் தெரியாத இரண்டு பேரைச் சாப்பிடக் கூட்டி வருவான். எங்கள் குடும்பப் புனிதரின் நாளன்று யாரையும் அழைக்கும் வழக்கம் இல்லை, வருகிறவரைத் திருப்பி அனுப்பவும் கூடாது. வீடு நிறைந்துவிடும். மேசைத் தலைமாட்டில் அவன் நின்றுகொண்டு பாடுவான். "ரொசா, ரொட்டி. ரொசா, வைன். ரொசா, அந்தப் பன்றி வறுவல் எங்கே?" கல்யாணமாகி இருபத்தாறு வருஷம் என் பெயர் ஒரு பதார்த்தத்துக்கு முன்னால்தான் வந்தது. என் முழுப்பெயர் ரொசாண்டா என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

பிறகு காய்ச்சல் வந்தது, இரண்டு காதும் போயின. சொன்னால் பாவம், ஆனாலும் சொல்கிறேன். அதற்குப் பின் வந்த ஒன்பது வருஷம்தான் நான் வாழ்ந்தது. தபால்காரர், மாட்டு டாக்டர், பாதிரியார், எல்லாரும் என்னிடம் பேசினார்கள். நான் உதட்டைப் பெரிதாக அசைத்து அவனுக்குச் சொல்வேன். மற்றவர்கள் உதடு அவனுக்குப் பிடிபடவே இல்லை. யாராவது வேடிக்கையாகப் பேசினால் முதலில் என் முகத்தைப் பார்ப்பான். நான் சிரித்தால் சிரிப்பான். எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? வேண்டியதை மட்டும் சொல்வேன். அவனுடைய பழைய சிநேகிதன் ஒருவன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கண்ணீர்விட்டுப் பேசிவிட்டுப் போனான். "என்ன சொல்றான்?" என்றான் வெலிமிர். "மழை வருமாம்" என்றேன். அந்த ஆள் அப்புறம் வரவில்லை.

செவிடன் காதில் ஊதிய சங்கு என்று வீணாய்ப்போனதற்குச் சொல்வார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவளைக் கேட்டால் அதன் அருமை தெரியும். பக்கத்து வீட்டு மிலேவா தினமும் காபிக்கு வருவாள். அவன் எதிரிலேயே நாங்கள் அவனைப் பற்றிப் பேசுவோம். "உங்க மரக்கட்டை எப்படி இருக்கு?" என்பாள். "கிடக்குது, தீனி மட்டும் குறையலே" என்பேன், அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே. அவனும் சிரிப்பான். அதில் என்ன குற்றம் மேடம்? அவனுக்கு வலிக்கவில்லையே.

இதைக் கெடுத்தவள் மருமகள் வெஸ்னா. டவுனில் மருந்துக்கடையில் வேலை. என் மகன் போயான் லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் பாதி ஜெர்மனிச் சாலைகளில்தான் கிடப்பான். இவள் யாரையும் கேட்காமல் மனு எழுதிப்போட்டு, மாமனாரைப் பெல்கிரேடுக்குக் கூட்டிப்போய் மண்டையைத் திறந்துவிட்டாள். உள்ளே ஒரு கருவி, வெளியே காதுக்குப் பின்னால் ஒன்று. அதிலிருந்து ஒரு வில்லை காந்தத்தால் தலையில் ஒட்டிக்கொள்ளும். காயம் ஆறிய பிறகு பல்லில் கம்பி போட்ட ஒரு பெண் அதை முடுக்கிவிட்டாள். என்னைவிடத் தனக்குத்தான் என் புருஷனைப் பற்றி அதிகம் தெரியும் என்கிற மாதிரி பேசினாள்.

முதலில் எனக்கு நம்பிக்கையாகத்தான் இருந்தது, ஏனென்றால் அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. "எல்லாரும் தகர டப்பாவுக்குள்ள வாத்து மாதிரி பேசறீங்க" என்றான். ஃபிரிட்ஜின் முன்னால் நெடுநேரம் நின்றான். "இது எப்பவும் இப்படித்தான் புலம்பிக்கிட்டு இருக்குமா?" தான் மெல்லும் சத்தமே தாங்காமல் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டான். மற்றவர்கள் இதோடு விட்டிருப்பார்கள். ஆனால் வெஸ்னா தினமும் சாயங்காலம் அவன் எதிரில் உட்கார்ந்து, உதடு தெரியாமல் சல்லடையால் வாயை மறைத்துக்கொண்டு வார்த்தை வார்த்தையாகச் சொல்வாள். பிளம். கோடாலி. பனி. அவன் திருப்பிச் சொல்வான். தப்பாகச் சொன்னால் இருவரும் சிரிப்பார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை.

பேத்தி துன்யாவுக்கு ஐந்து வயது. அவளும் ஒரு பயிற்சி கண்டுபிடித்தாள். எங்கேயாவது ஒளிந்துகொண்டு "தாத்தா" என்று கூப்பிடுவாள், அவன் தேடவேண்டும். ஒரு பக்கம் மட்டும் கருவி இருந்தால் சத்தம் எந்தத் திசை என்று தெரியாதாம். கேட்கும், ஆனால் எங்கிருந்து என்று புரியாது. அதனால் முற்றம் முழுக்கச் சுற்றிச் சுற்றி வருவான். "ஏய் குட்டிப் பிசாசே, வானத்துல இருந்தா கூப்பிடறே?" என்று கத்துவான். அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். நல்ல குழந்தை மேடம். என் கையில் வளர்ந்தவள்.

ஒருநாள் மிலேவா காபிக்கு வந்திருந்தாள். வழக்கம்போல, "மரக்கட்டைக்கு ஆணி அடிச்சாங்களே, ஏதாவது பலன் உண்டா?" என்றாள். "ஆணி அடிச்சா மரம் துளிர்க்குமா?" என்றேன். அவன் ஜன்னலோரம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். திரும்பாமலே சொன்னான்: "மரக்கட்டைக்கும் ஒரு காபி ஊத்து ரொசா."

மிலேவாவின் முகம் வெளிறிவிட்டது. அவன் கோபப்படவில்லை. எழுந்து வந்து தானே ஊற்றிக்கொண்டு, "சர்க்கரை கொஞ்சம் கம்மி" என்று சொல்லிவிட்டு வெளியே போனான். அன்றிலிருந்து அவன் என் முகத்தைப் பார்ப்பதை நிறுத்தினான். வேண்டுமென்று இல்லை. யார் பேசுகிறார்களோ அவர்களைப் பார்த்தான், மனிதர்கள் செய்வது மாதிரி. திட்டியிருந்தால்கூட எனக்கு வயிறு இப்படி எரிந்திருக்காது.

கருவிக்கு ஒரு ரிமோட் உண்டு, சாவிக்கொத்து அளவு. அவன் விரல் தடிமன், அழுத்தத் தெரியாது என்று அதை என்னிடம்தான் கொடுத்திருந்தார்கள். சத்தத்தைக் கூட்ட ஒரு பட்டன், குறைக்க ஒன்று. நான் குறைத்தேன். தினமும் கொஞ்சம், உப்பைக் குறைப்பது மாதிரி. சல்லடைக்குப் பின்னால் வெஸ்னா சொல்வது அவனுக்குப் பிடிபடாமல் போயிற்று. கோடாலி என்றால் முழிப்பான். ராத்திரி படுக்கையில், "என் மூளைதான் கெட்டுப்போச்சு ரொசா" என்று அழுதான். நான் தலையைத் தடவிக்கொடுத்தேன். அவனுக்கு அப்போது என்னைவிட்டால் யாரும் இல்லை.

பெல்கிரேடுக்கு மறுபடி போனபோது பழையபடி வைத்துவிட்டேன். கம்பிப் பல்காரி சோதித்துப் பார்த்து, "பிரமாதம், பயம்தான் காரணம்" என்றாள். வெஸ்னா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அதனால் சில நாள் ஒன்றும் செய்யாமல் இருந்தேன். அவன் மறுபடியும் பாட ஆரம்பித்தான்.

ராக்கியா காய்ச்சும் நாள் வந்தது, வருஷத்துக்கு வேண்டிய பிளம் சாராயம். உங்கள் வீட்டிலும் காய்ச்சியிருப்பார்கள், தெரியாமல் இருக்காது. பிளம் ஊறலைக் கொப்பரையில் ஏற்றி, கீழே தீ வைத்து, குழாயில் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டு ஒருவன் நாள் முழுக்க உட்கார்ந்திருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கொதித்து முடிந்த சக்கையைக் கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் குழியில் கொட்டுவோம். மேலே ஆடை படிந்து தரை மாதிரி தெரியும். உள்ளே சாயங்காலம்வரை கொதிக்கும். பெரியவர்களுக்குத் தெரியும்.

துன்யாவுக்கு ஜலதோஷம், பள்ளிக்கூடம் போகவில்லை. அதுவரை குழந்தையை என்னிடம்தான் விடுவாள் வெஸ்னா. அன்று சொன்னாள்: "அத்தை, இன்னிக்கு இவ மாமாகிட்ட இருக்கட்டும். கொப்பரைச் சாம்பல்ல கிழங்கு சுடணும்னு நேத்துலேர்ந்து ஒத்தைக் கால்ல நிக்கறா."

"செவிடன்கிட்டயா குழந்தையை ஒப்படைக்கறே?"

"மாமா செவிடு இல்லே அத்தை. அதெல்லாம் போன வருஷம்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். மாமனாரிடம் போய், "மாமா, பின்பக்கம் விடாதீங்க, குழி இருக்கு" என்றாள். "கண்ணுல எண்ணெய் ஊத்திக்கிட்டு இருக்கேன், காதுல மெஷின் மாட்டிக்கிட்டு இருக்கேன், நீ போய் மாத்திரை வித்துட்டு வா" என்றான் அவன். அவள் பஸ்ஸுக்குப் போனாள். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

நான் நினைத்தது இவ்வளவுதான். ஒரே ஒரு தடவை குழந்தை கூப்பிட்டு அவனுக்குக் கேட்காமல் போகவேண்டும். முட்டியில் ஒரு சிராய்ப்பு, கொஞ்சம் அழுகை. நான் ஓடிப்போய்த் தூக்குவேன். சாயங்காலம் வெஸ்னா வந்து பார்ப்பாள். அதற்குமேல் யாருக்கும் சல்லடை தேவைப்படாது.

கம்பளித் தொப்பியை எடுத்துக்கொண்டு அவனிடம் போனேன். தலையில் மாட்டி, காதுவரை இழுத்துவிட்டேன். மறு கை ஏப்ரன் பைக்குள் இருந்தது. குறைக்கும் பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தேன். முழுக்கப் போகவில்லை, பக்கத்தில் பேசினால் கேட்கும்.

"தொப்பி போட்டதும் சத்தம் அமுங்கிப்போச்சே" என்றான்.

"கம்பளின்னா அப்படித்தான் இருக்கும். கழட்டாதே. காத்து அடிக்குது, மறுபடியும் காய்ச்சல் வந்தா இருக்கறதும் போயிடும்."

நம்பினான். எங்கள் ஊரில் யார்தான் நம்பமாட்டார்கள்? தன் அம்மா சொல்லி, பாட்டி சொல்லி, சின்ன வயதிலிருந்து பயந்த காற்று. அவனே கீழே இழுத்து இன்னும் இறுக்கிக்கொண்டான்.

நான் சமையலறைக்கு வந்தேன். ஜன்னலில் அவன் முதுகு தெரியும். கொட்டகையின் ஓரமும் தெரியும். குழி தெரியாது. முதல் தடவை "தாத்தா" என்று கேட்டபோது விளையாட்டு என்று நினைத்தேன். நினைத்தேன் என்றுதான் மிலேவாவிடமும் போயானிடமும் சொன்னேன். உங்களிடம் சரியாகச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் அவனை விடமாட்டீர்கள். விளையாட்டுக்கு அவள் கூப்பிடும்போது குரலில் சிரிப்பு இருக்கும். அதில் சிரிப்பு இல்லை. நான் குரல் வந்த பக்கம் பார்க்கவில்லை. அவன் முதுகையே பார்த்தேன். திரும்புகிறானா என்று. மறுபடியும் கூப்பிட்டாள். அவன் குனிந்து சொட்டு விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு மனசுக்குள், பார்த்தாயா, பார்த்தாயா என்று ஓடியது. அப்புறம் அவள் என்னைக் கூப்பிட்டாள். பாட்டி என்று. நான் அசைந்திருந்தால் அவனுக்குக் கேட்கவில்லை என்பது யாருக்குத் தெரியும்?

பிறகு சத்தம் நின்றுவிட்டது. புது ராக்கியா ருசி பார்க்க ரொட்டியோடு வந்த மிலேவாதான் அவளைக் குழியில் முதலில் பார்த்தாள். அவள் அலறியதும் நான் ஓடினேன். யாரையும்விட வேகமாக ஓடினேன், கேட்டுப்பாருங்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து சேதி வந்த அன்று அவன் கருவியைக் கழற்றிக் கொப்பரை அடுப்பில் போட்டான். நான் தடுக்கவில்லை. "தொப்பியைக் கழட்டியிருக்கணும்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறான். உங்களிடமும் அதைத்தான் சொல்லியிருப்பான். வெஸ்னா அவனைப் பார்ப்பதில்லை. போயான் வீட்டுக்குள் வருவதில்லை. பாவம், மனுஷன் எங்கே போவான்?

நேற்று என்னிடம் கேட்டான். "என்னைக் கூப்பிட்டாளா ரொசா? நீ உள்ளேதானே இருந்தே, கேட்டுச்சா?" வெளிச்சத்துப் பக்கம் திரும்பி உதட்டை நன்றாக அசைத்துச் சொன்னேன், இல்லை, யாரையும் கூப்பிடவில்லை என்று. கண் எடுக்காமல் என் முகத்தையே பார்த்தான். முன்பெல்லாம் பார்ப்பது மாதிரி. அந்த நிமிஷம் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று உங்களுக்குச் சொன்னால் புரியாது.

அவ்வளவுதான் மேடம். எங்கே கையெழுத்துப் போடவேண்டும்? அவனை இந்த அறைக்குக் கூட்டி வாருங்கள், என் எதிரில் உட்கார வையுங்கள், அந்த விளக்கையும் போடுங்கள். நீங்கள் பேசினால் அவனுக்குப் புரியாது. நான் இங்கே என்ன சொன்னேன் என்பதை அவனுக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.